பட்டையோடு நிற்கும் கத்தி

அந்தக் காணொளி மூன்று நிமிடம் நாற்பது வினாடி ஓடுகிறது. முதல் பதினெட்டு வினாடிக்குத் திரையில் ஒன்றும் தெரியாது, இருட்டு. காதுக்கு மட்டும்தான் வேலை. சாணைக்கல்லில் கத்தி ஏறி இறங்கும் ஓசை, நடுவே ஓர் இருமல், எங்கோ ஒரு சேவல். பிறகு நெற்றி விளக்கின் வெளிச்சம் ஒரு பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், மேல் விழுகிறது. ஒரு கை வருகிறது. முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் உரிக்கிறது. நாடாவைப் போல நீண்டு வந்து அது 'சட்'டென்று விடுபடுகிறது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் நான் ஐம்பது வருடம் பின்னால் போய்விட்டேன். அம்மாவுக்குப் பின்னால் பால்மர வரிசையான நெரையில் நடந்து, உரித்த ஒட்டுப்பாலைச் சாக்கில் போட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன்.

இதுவரை பதினொரு முறை பார்த்திருக்கிறேன். நல்ல பாட்டை ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்பதுபோல்தான். தோட்டப்புறத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளும் கதைகளும் படித்தவன், சிலவற்றை எழுதியவனும்கூட. ஒட்டுப்பால் உரியும் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்கு ஒருநாளும் கைவந்ததில்லை.

எடுத்தவர் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய்ப் பக்கத்துப் பெண், வயது இருபத்தாறு. தமிழ் நாளிதழ் ஒன்றுக்குச் சுங்கைப்பட்டாணி வட்டாரப் பகுதிநேர நிருபராக வேலையைத் தொடங்கியவர். வட்டார நிருபர் வேலை எப்படி இருக்கும் என்பது வடமாநிலத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, இரங்கல் கூட்டம். வரிசையாக நிற்பவர்களின் படம், கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள், கடைசியில் 'சிறப்பாக நடைபெற்றது'. நான் அந்த வேலையை மதிக்கிறேன். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய தாள்களைப் புரட்டினால், எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார்கள் என்பதுவரை கிடைக்கும். பெயர் தெரியாத வட்டார நிருபர்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய்ச் சேர்த்த செய்திகள் அவை.

ஆனால் அந்தச் செய்திகளில் யாருடைய குரலும் இல்லை. 'கேட்டுக்கொண்டார்', 'வலியுறுத்தினார்', 'நன்றி கூறினார்'. எல்லாரும் ஒரே வாயால் பேசுவார்கள். இந்தப் பெண்ணுக்கு உறுத்தியது அதுதான். ஒரு தோட்டப் பள்ளியின் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குப் போயிருக்கிறார். எழுபது வயதுக்காரர் ஒருவர், தமக்கு முதல் எழுத்து கற்றுக்கொடுத்த வாத்தியார் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டினாராம். கூட்டம் முழுக்கச் சிரித்து, பிறகு அமைதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து செய்தி எழுத உட்கார்ந்தபோது அந்த நடைக்கு வரி கிடைக்கவில்லை. "எழுதினேன் ஐயா, ஆனா நடக்கல" என்றார் என்னிடம். அவர் வீடியோப் பக்கம் திரும்பிய கதையின் தொடக்கம் இது.

முதல் முயற்சிகளையும் பார்த்திருக்கிறேன். செய்தியை முழுதாக எழுதிவிட்டு அதை வாசித்துப் பதிவுசெய்து, மேலே படங்களை ஒட்டியிருந்தார். படம் சொல்வதையே வாயும் சொன்னது. மரத்தைக் காட்டும்போது 'இதுதான் ரப்பர் மரம்' என்றது குரல். எழுத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. சொல்லால் பிழைத்தவனுக்குச் சொல்லைக் கீழே வைக்க மனம் வராது. அவர் அதை வைக்கப் பழகிக்கொண்ட விதத்தைத்தான் நான் ரசிக்கிறேன்.

பழக்கியது இரண்டு பேர். ஒருவரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மைக்கேல் ரோசன்ப்ளம், 1980களின் இறுதியில் பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டு, சிறிய கேமரா ஒன்றோடு காஸா அகதி முகாமுக்குப் போய்த் தங்கி, ஒற்றை ஆளாகச் செய்திப்படம் எடுத்தவர். நான்கு பேர் குழு, வண்டி, விளக்கு எதுவும் இல்லாமல் ஒருவரே எடுத்து ஒருவரே வெட்டிச் சேர்க்கலாம் என்று பிறகு உலகம் முழுக்கச் செய்தியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஐந்து காட்சி முறை என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாடம் மிக எளியது. வேலை செய்யும் ஒருவரை எடுக்கப் போனால் முதலில் கையை நெருக்கமாக எடு. பிறகு முகம். பிறகு கையும் முகமும் இடமும் ஒன்றாகத் தெரியும் அகலக் காட்சி. பிறகு தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பதைப் பார். ஐந்தாவது, யாரும் எதிர்பார்க்காத ஒரு கோணம்.

முதலில் கை என்பதைக் கவனியுங்கள். தோட்டப்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடையாது. எங்கள் ஆட்களிடம் மைக்கை நீட்டி 'உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்து மேடைத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கையில் கத்தியைக் கொடுங்கள், காவடிபோல் தூக்கும் காண்டா வாளியைத் தோளில் வையுங்கள், பேச்சு தானாக வரும்.

இன்னொரு ஆசான் அந்தக் காணொளியில் வரும் பாட்டி. கோலக்கெட்டில் பக்கம் சிறுதோட்டம் ஒன்றில் இன்னும் பால் வெட்டுகிறார். வயது எழுபத்தொன்று. கெடாவின் பெரிய தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து நாளாகிறது. விடியலில் ஆட்களை வேலைக்கு அழைக்கும் பெரட்டு மணி கேட்காத, பால் பிடிக்கும் மங்கு என்றால் என்னவென்று தெரியாத ஒரு தலைமுறை தோட்டப் பெயர் சொல்லும் ஊர்களிலேயே வளர்ந்துவிட்டது. இந்தப் பெண்ணும் அவர்களில் ஒருவர். அதனால் படம் எடுக்குமுன் நான்கு காலை, கேமராவை வெளியே எடுக்காமல், பாட்டியோடு நெரையில் நடந்திருக்கிறார். ஐந்தாம் நாள் பாட்டி கத்தியை இவர் கையில் கொடுத்தார்.

பால் வெட்டு பார்க்கச் சுலபம்போலத் தெரியும். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து மரத்தின் பாதிச் சுற்றுக்குப் போகும். பால் இருப்பது மரத்தில் இல்லை, பட்டையில். அந்தப் பட்டையில் மெல்லிய சீவல் மட்டும் எடுக்க வேண்டும். குறைவாகப் போனால் பால் வராது. கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிர்ப்படலத்தில் காயம் பட்டுவிடும். பாட்டி சொன்னது படத்தில் இல்லை, அந்தப் பெண் எனக்குச் சொன்னார்: "ஆழமாப் போவாத தாயி. காயம் பட்ட எடம் முடிச்சு முடிச்சாப் பொடச்சிக்கும். மறுபடி அங்க கத்தி ஓடாது. இன்னிக்கி நாலு சொட்டுப் பாலு கூட வரும், அப்புறம் மரமே போயிரும்."

இந்தப் பாடம் படத்தை வெட்டிச் சேர்க்கும் மேசைவரை வந்தது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும்.

பாட்டி பேசிக்கொண்டே வெட்டும்போது மகன் பேச்சு வந்திருக்கிறது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மகன், திரும்பி வராத மகன். பாட்டி அழுதார். கைப்பேசி ஓடிக்கொண்டிருந்தது, முகம் தெளிவாக, வெளிச்சமும் நன்றாக விழுந்து. இன்றைக்குச் சமூக ஊடகத்தில் பெயர் வாங்க அந்த ஐம்பது வினாடி போதும். கீழே ஒரு புல்லாங்குழலை ஒட்டினால் மூன்று நாளில் நாடு முழுக்கப் போயிருக்கும். அவர் அதை வெட்டி நீக்கிவிட்டார். முடிந்த படத்தில் இருப்பது இவ்வளவுதான்: பாட்டி "மவன் இருந்தான்" என்கிறார். கத்தி பாதி வெட்டில் நின்றுவிடுகிறது. நான்கு வினாடி கழித்து மறுபடி ஓடுகிறது. முகம் காட்டப்படவில்லை. ஏன் என்று கேட்டேன். "பாட்டிதானே சொன்னாங்க ஐயா, பட்டையோட நிறுத்தணும்னு."

அந்த நான்கு வினாடிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பாதியில் நின்ற கத்தியைப் பார்ப்பவர் தம் வீட்டில் போனவர்களை நினைத்துக்கொள்வார். அழும் முகத்தைக் காட்டியிருந்தால் பாட்டியைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டு அடுத்த காணொளிக்குப் போயிருப்பார். காணொளிக் கலையில் தேர்ச்சி என்று நான் நினைப்பது இந்தக் கணக்கைத்தான். விலை உயர்ந்த கேமரா இருந்தால் இது வந்துவிடாது. அவர் எடுத்தது மூன்று வருடப் பழைய கைப்பேசியில். சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்றுக்கு மட்டும் காசு செலவழித்திருக்கிறார்.

மைக்குக்குச் செலவழித்தது சரியான முடிவு. கலங்கிய படத்தைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், இரைச்சலான ஒலியைப் பொறுக்க மாட்டார்கள். தோட்டமோ காதால் அறிய வேண்டிய இடம். வெயில் ஏறிய பிறகு ரப்பர் காய் வெடித்துக் கொட்டை சருகில் விழும் சத்தம் தெரியுமா? அந்தக் கொட்டையைச் சிமிந்தித் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் தொடையில் வைத்து விளையாடாத பிள்ளை அந்தக் காலத் தோட்டத்தில் இருந்திருக்க முடியாது. செம்பனைக் காட்டின் சத்தம் வேறு. குலை கனமாக மண்ணில் விழும், ஓலை உரசும், டிராக்டர் வரும். இந்தப் பெண் இரண்டையும் தனித்தனியே பதிவுசெய்து வைத்திருக்கிறார். படத்தின் கடைசிப் பகுதியில் பாட்டி நிறைந்த வாளியோடு செம்பனை ஓரமாக நடந்து வரும்போது பின்னொலி மெதுவாக மாறுகிறது. பால்மரக் காட்டிலிருந்து செம்பனைக்குள் வந்துவிட்டோம் என்று காது முதலில் சொல்லும், கண் பிறகு பார்க்கும். ஒரு மாவட்டத்தின் ஐம்பது வருட மாற்றத்தை ஆறேழு வினாடியில், ஒரு வார்த்தை பேசாமல் சொல்லியிருக்கிறார்.

திரையின் கீழே ஓடும் எழுத்து வரிகளிலும் அவருடைய சுவை தெரிகிறது. பாட்டி "பெரட்டு" என்றால் கீழே "பெரட்டு" என்றே வருகிறது. "நெரை", "தண்டல்", "கிராணி", "காண்டா" எல்லாம் அப்படியே. பல காணொளிகளில் பாட்டி ஒன்று பேச, கீழே பள்ளிக்கூடத் தமிழில் வேறொன்று ஓடும், பாட்டியின் பேச்சைத் திருத்துவதுபோல. மலாயா மண்ணில் நூறு ஆண்டுக்கு மேலாகத் தமிழர் வேலை செய்து உண்டாக்கிய சொற்கள் இவை. சொல்லைத் திருத்தினால் வேலையையும் மறைத்ததாகும். மலாய் வரிகளும் சேர்த்திருக்கிறார். சீக்கிலும் பாலிங்கிலும் பால் வெட்டும் மலாய்க்காரச் சிறுதோட்டக்காரர்கள் பாட்டியின் கத்திப் பிடியைப் பற்றிக் கருத்து எழுதியிருந்ததைப் படித்தபோது மனம் நிறைந்தது.

இப்படி ஒரு படம் வெறும் தரையில் முளைத்துவிடாது. தீபக் குமரன் மேனன் 2005இல் எடுத்த 'செம்மண் சாலை'யை நினைத்துக்கொள்கிறேன். ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி மேலே படிக்க ஆசைப்படும் கதை. குறைந்த செலவில் டிஜிட்டல் கேமராவில் எடுக்கலாம் என்று மலேசிய இளைஞர்கள் துணிந்த காலத்துப் படம் அது. பத்து வருடம் கழித்துச் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் அடுத்த தலைமுறையைக் காட்டியது. செய்திப் பக்கம் பார்த்தால், 1999 நவம்பரில் இணையத்தில் பிறந்த மலேசியாகினி, 2008 வாக்கில் பொதுமக்களையே வீடியோச் செய்தியாளர்களாகப் பயிற்றத் தொடங்கியது. ஸ்டார் நாளிதழின் ஆர்.ஏஜ் குழு இளம் செய்தியாளர்களை வைத்தே 2016இல் இணையவழிச் சிறார் வேட்டையாடிகளைப் பற்றிய காணொளித் தொடரை வெளியிட்டது. மறு வருடம் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குத் தனிச் சட்டமே வந்தது. சிறிய திரையில் ஓடும் படம் சிறிய காரியம் என்று யாரும் இனிச் சொல்ல முடியாது.

கெடாவுக்கு நெருக்கமான முன்னோடி ஒருவரையும் சொல்ல வேண்டும். லூனாஸில் பிறந்த ம. நவீன் எழுத்தாளராகவும் இதழாசிரியராகவும் அறியப்பட்டவர். அவர் நடத்தும் வல்லினம் அச்சிதழாகத் தொடங்கி இணையத்துக்கு நகர்ந்தது. அதே கையோடு மலேசிய எழுத்தாளர்களைப் பற்றிய ஆவணப்படங்களையும் எடுத்தது. தோட்டத்தின் இருண்ட மூலைகளை 'மண்புழுக்கள்' நாவலில் எழுதிய சீ. முத்துசாமி எங்கள் கெடாக்காரர், 2017இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது பெற்றவர். அப்படிப்பட்டவர்களின் முகமும் குரலும் புத்தகத்துக்கு வெளியேயும் இருக்க வேண்டும் என்று எழுத்துக்காரர்களே நினைத்ததுதான் இதில் முக்கியம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் மாநிலத்தில் பதிவாகாமல் போனவற்றின் கணக்கு பெரிது. பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், கூலிக்காரன் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்தார்கள். 1947இல் போலீசோடு மோதல், உயிர்ச்சேதம், கைதுகள், வேலைநிறுத்தம். மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய அத்தியாயம் அது. ஆனால் நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அதிகாரிகளின் குறிப்புகளிலிருந்து வந்தது. காக்கி உடுத்தி அணிவகுத்தவன் தன் மனைவியிடம் அன்று இரவு என்ன சொன்னான் என்பதைக் கேட்டு வைக்க அப்போது யார் கையிலும் கருவி இல்லை.

கருவி இருந்த காலத்திலும் இழந்திருக்கிறோம். புஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்களில் ஒன்று, சண்டி எண் 11. சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது என்று கருதப்பட்டது. 2013இன் இறுதியில் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது அது இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தது. கெடாவின் பழைய பெயரான கடாரத்தை 1025ஆம் ஆண்டு ராஜேந்திர சோழன் படையெடுப்போடு சேர்த்துப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தக் கடாரத்தின் செங்கல் அடுக்குப் போனபோது நம்மிடம் மிஞ்சியது சில நிழற்படங்கள்தான். அந்தக் கல்லோரம் ஆடு மேய்த்தவர், பிள்ளையோடு உட்கார்ந்து சோறு தின்றவர், அதை என்ன பெயரிட்டு அழைத்தார் என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுப் பதிவுசெய்ய ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்திருக்கும்.

ரசிகன் என்ற முறையில் அந்தப் பெண்ணின் படத்தில் ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு டிரோன் காட்சி வருகிறது, காடு முழுக்க மேலிருந்து. நண்பர் ஒருவரிடம் கருவியை இரவல் வாங்கி எடுத்ததாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்தை அப்படி உயரத்திலிருந்து பார்க்கும் பழக்கம் துரைக்கு இருந்தது, பால் வெட்டியவருக்கு இல்லை. அந்த எட்டு வினாடி மட்டும் படம் வேறொருவர் கண்ணுக்குப் போய்த் திரும்புகிறது. சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார். அடுத்ததாக அவர் எடுத்துவரும் படத்தில், கூலிமில் செம்பனைக் குலை வெட்டியவர் பற்றியது, கேமரா ஆளின் இடுப்புக்கு மேல் ஏறவில்லை.

படம் முடிந்ததும் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டியபோது நானும் கூடப் போயிருந்தேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பால் இறங்கும் காட்சி வந்தது. வெட்டின் வழியே வெள்ளைக் கோடு மெதுவாக ஓடி, தகட்டில் தயங்கி, மங்கில் முதல் சொட்டு விழும்வரை இருபத்திரண்டு வினாடி கேமரா அசையவில்லை. மூன்று வினாடியில் கட்டைவிரல் அடுத்ததற்குத் தாவும் இந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். பாட்டியும் அசையவில்லை. சொட்டு விழுந்ததும், "ஆமா, இவ்ளோ நேரந்தான் ஆவும்" என்றார். பிறகு, "இந்த மரம் வடக்கால நெரையில மூணாவது. இதுக்குப் பாலு அதிகம்" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் பால் சேர்க்காத தே ஓ போட உள்ளே போனார்.

பீடோங், குரூண், பாடாங் செராய், கூலிம், பாலிங் பக்கம் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பெரட்டுக்குப் போன யாராவது இருந்தால், அடுத்த பள்ளி விடுமுறையில் அவரிடம் ஒரு கத்தியையோ வாளியையோ கொடுத்து, பிள்ளைகளைக் கைப்பேசியோடு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். முதலில் கையை எடுக்கட்டும். பாட்டு எதையும் போட வேண்டாம். அவர் சொல்லும் சொல்லைச் சொன்னபடியே எழுதட்டும்.